ஒரு கையை விட்டுப் பார்த்தல்

குரு என்று சொன்னால் மேபலுக்குப் பிடிக்காது. கைடு என்றால் போதும் என்பார். ஆனால் சென்னியப்பன் தன் மனதுக்குள் அவரைக் குரு என்றுதான் வைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை. சீடருக்கு வயது ஐம்பத்தொன்று, குருவுக்கு நாற்பத்தைந்து என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

கோவைக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில், ஓர் அறக்கட்டளையின் குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. அதன் பின்கட்டில் ஆய்வுக்கூடம். மேபல் அங்கே தைமஸ் என்ற சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் முன்கட்டில் குழந்தை மருத்துவர். நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து, தானும் ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்டார். அன்றிலிருந்து காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடம் என்று ஆயிற்று.

இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே கேள்விதான். சில குழந்தைகள் நோயை எதிர்க்கும் சக்தியே இல்லாமல் ஏன் பிறக்கின்றன? அந்தக் கேள்வி அவரைத் தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடும். மூன்று வருடமாக அவர் அலாரம் வைத்ததில்லை.

மாசி மாதம் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஆறு படுக்கைகளோடு தனி வார்டு திறந்திருக்கிறார்கள். அதற்கு முழுநேரப் பொறுப்பாளர் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கும் இனி அரைநேர ஆட்கள் கிடையாது. இரண்டில் ஒன்றைப் பங்குனி முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சென்னியப்பன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"எதை எழுதிக் குடுக்கறதுன்னு தெரியலீங்க மேடம்."

"எது கூப்பிடுது?"

"ரெண்டும் கூப்பிடுதுங்க. கேள்வி ஒண்ணுதான். எந்தப் பக்கம் இருந்து வருதுன்னுதான் தெரியல."

மேபலுக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். எத்தனை ஊரில் வேலை பார்த்தும் பேச்சு மாறவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் இல்லை. எழுந்துபோய்க் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்.

"இது யாரு?"

"தைமஸ்ல இருக்கற இளஞ்செல்லுங்க. எலியோடது."

"எத்தனை கை?"

"ரெண்டுங்க. நாலும் இருக்குது, எட்டும் இருக்குது."

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது தைமஸ். எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும் இளஞ்செல்கள் அங்கே போய்த்தான் ஆளாகின்றன. வளரும்போது ஒவ்வொன்றும் தன் மேல் இரண்டு கைகளை முளைக்க வைக்கும். ஒன்றுக்கு நாலு என்று பெயர், மற்றதற்கு எட்டு. விஞ்ஞானிகள் வைத்த பெயர், அதில் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். தைமஸிலிருந்து வருகிற சைகையைச் செல் இந்தக் கைகளில் ஒன்றால்தான் பிடிக்கும்; அதைத்தான் ஆய்வுக்கூடத்தில் கூப்பிடுவது, கேட்பது என்பார்கள். கடைசியில் ஒரு கைதான் மிஞ்ச வேண்டும். நாலு மிஞ்சினால் அது மற்றச் செல்களுக்கு உதவுகிற செல். எட்டு மிஞ்சினால் நோய் பிடித்த செல்லைத் தானே போய்க் கொல்லுகிற செல். இரண்டு கையோடும் யாரும் அங்கிருந்து வெளியே போவதில்லை.

"நூறு செல் உள்ள இருந்தா எத்தனை வெளிய வரும்?" என்று கேட்டார் மேபல்.

"ரெண்டு, மூணுங்க."

"மிச்சம்?"

"பாதிக்கு மேல, யாரும் கூப்பிடாமலே செத்துருமுங்க."

"என்ன தப்பு செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யலீங்க. கூப்பிடல, அவ்வளவுதான்."

மேபல் தலையாட்டினார். அதை அவர் பல வருடம் பாடமாக நடத்தியிருக்கிறார். ஆனாலும் யாராவது அதைச் சொல்லும்போது ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போவார்.

"சரி, ஒரு செல்லைக் கூப்பிட்டாச்சு. எந்தக் கையால கேட்டுதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. நாலால கேட்டா எட்டை விட்டுரும். எட்டால கேட்டா நாலை விட்டுரும். நான் படிச்ச புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துது."

"நீங்க படிச்சது எப்போ?"

"அது ஆச்சுங்க, முப்பது வருசம்."

மேபல் சிரிக்கவில்லை. "எட்டை விட ஆரம்பிச்ச செல்லை மட்டும் பிரிச்சு எடுங்க. தைமஸ் துண்டு மேல போட்டு வைங்க. ரெண்டு நாள் கழிச்சு என்ன ஆச்சுன்னு பாருங்க. அதான் உங்க வேலை."

"சரிங்க. இந்தக் கடிதம்?"

"வார்டை விடுங்க."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"ஆறு வாரம். அந்தப் பக்கம் போகாதீங்க. போன் வந்தா எடுக்காதீங்க. வேற டாக்டர்ட்ட ஒப்படைச்சிட்டு முழு நாளும் இங்க வாங்க."

"ஏனுங்க வார்டு? ஏன் இதை விடக் கூடாது?"

"ஏதாவது ஒண்ணை முதல்ல விடணும்லா? நான் இங்க இருக்கேன். அதனால அதை விடச் சொல்லுதேன்."

இதைவிட நேர்மையான பதிலை எந்தக் குருவும் சொன்னதாகத் தெரியவில்லை.

*

சென்னியப்பன் வார்டை ஒப்படைத்தார். தங்கமணி என்ற தலைமை நர்ஸ் சாவியைத் தவிர எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். சாவி அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சென்னியப்பனிடமே இருந்தது. கண்ணாடி அறையில் இருந்த தர்ஷிகா என்ற ஆறு வயதுக் குழந்தையிடம் மட்டும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. விடைபெறப் போனால் திரும்பி வர முடியாது என்று பயம். அந்தக் குழந்தைக்குத் தைமஸ் சரியாக வளரவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஐந்து மணிக்குக் கேள்வி அவரை எழுப்பியது. ஏழு மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். எலியின் தைமஸைப் பிரித்தார், செல்களைக் கழுவினார், செல்களை எண்ணிப் பிரிக்கும் கருவியில் ஓட்டினார். எட்டு குறைந்து மங்கலாகத் தெரிந்த செல்களை மட்டும் தனியே பிரித்து எடுத்தார். அவற்றை மெல்லிய தைமஸ் துண்டுகளின் மேல் வைத்து, பிளேட்டை இன்குபேட்டருக்குள் தள்ளினார். லேப் நோட்டில் தேதி போட்டு எழுதினார்.

இதுதான் நம் இடம் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. நிர்வாகத்துக்குக் கடிதம்கூட எழுதி மேஜைக்குள் வைத்தார். நல்லவேளையாக அனுப்பவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கண் விழித்தபோது வெயில் கட்டில் வரை வந்திருந்தது. மணி ஏழு இருபது. அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை வேண்டுமென்றே அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழுந்து, கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ வாசல் தெளித்தார்கள். அவர் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

யாரிடம் போய்ச் சொல்வது? மனைவி பூங்கொடி கோபியில் வங்கியில் வேலையாக இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்பார். கேள்வி வரவில்லை என்று சொன்னால், நிம்மதியாத் தூங்குங்க என்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருடமாக வீட்டில் கூடவே இருந்த ஆள் ஒருவர் போய்விட்டதைப் போல் அவருக்கு இருந்தது. தனியாக இருப்பது அவருக்குப் புதிதில்லை. கூப்பிட ஆள் இல்லாமல் இருப்பதுதான் புதிது.

ஆய்வுக்கூடமும் பேச்சுத்துணைக்கு ஏற்ற இடமில்லை. மேபலிடம் இருந்த மற்ற இரண்டு மாணவர்களும் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குருவும் சீடரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்.

வேலையும் கெட்டுப்போனது. முதல் பிளேட்டை வெளியே எடுத்துக் கருவியில் ஓட்டினார். எட்டை விட்ட செல்களைத்தான் போட்டிருந்தார். இரண்டு நாளில் அவற்றில் கிட்டத்தட்டப் பாதி, எட்டோடு வந்து நின்றன. நோட்டில் "கலப்படம்" என்று எழுதிவிட்டுப் பிளேட்டை, எரிக்கப் போகும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டார். இரண்டாம் முறை இன்னும் கவனமாகப் பிரித்தார். அப்போதும் பாதி. மூன்றாம் முறை கருவியைச் சுத்தம் செய்து, புதுக் குழாய் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். அதே பாதி.

மூன்றாவது பிளேட்டையும் மஞ்சள் பையில் போட்ட அன்று, மேஜைக்குள் இருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார். வார்டும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம், இரண்டிலிருந்தும் விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. மேபலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான்கு வரிதான். ஆனால் அவர் படித்து முடிக்க நேரமாயிற்று.

"என்ன ஆச்சு?"

"நின்னு போச்சுங்க."

"எது?"

"கேள்வி. ரெண்டு வாரம் ஆகப் போகுது. காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இல்லீங்க. வெறும் காலையா இருக்குது."

மேபல் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"வேலையும் வரலீங்க. கை சரியில்ல. அம்பது வயசுக்கு மேல இதெல்லாம் ஆகாதுன்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்க."

"பிளேட் எல்லாம் எங்க?"

"மஞ்சப் பைலங்க."

"மூணுமா?"

"மூணுமுங்க. கலப்படம். எட்டை விட்ட செல்லைப் போட்டா பாதி எட்டாவே வந்து நிக்குது."

"நோட்டைக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். பிரித்து எடுத்த செல்களுக்கு எதிரே அவர் அழகான கையெழுத்தில், "எட்டை விட்டவை. எனவே நாலாக ஆகிவிட்டவை" என்று எழுதியிருந்தார். மருத்துவர் கையெழுத்து அவ்வளவு அழகாக இருப்பது அபூர்வம். மேபல் "ஆகிவிட்டவை" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இதை யாரு சொன்னா?"

சென்னியப்பன் குனிந்து அந்தச் சொல்லைப் படித்தார்.

"திரும்பவும் போடுங்க. கேட்டுட்டு இருக்கிற செல் பச்சையா மினுங்கும்லா, அந்த எலியை எடுங்க. இந்தத் தடவை தூக்கிப் போடாண்டாம். பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருங்க."

"கடிதமுங்க?"

"எங்கிட்ட இருக்கட்டும். அப்புறம் ஒண்ணு. நாளைலருந்து மதியத்துக்குச் சோறு கொண்டு வராதீங்க."

*

மறுநாள் மதியம் மேபல் இரண்டு அடுக்கு டிபனைத் திறந்தார். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, மீன் குழம்பு. ஒரு தட்டைச் சென்னியப்பன் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க."

அதற்கு மேல் பேச்சு இல்லை. அடுத்த நாள் சோறும் அவியலும். அதற்கு அடுத்த நாள் மறுபடி மரச்சீனி. சென்னியப்பன் இரண்டு முறை பேச்சை ஆரம்பித்துப் பார்த்தார். கேள்வி திரும்ப வருமா என்று ஒரு முறை கேட்டார். நான் என்ன செய்யட்டும் என்று இன்னொரு முறை கேட்டார். இரண்டுக்கும் மேபல், "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றுதான் கேட்டார். குருமார்கள் மௌனத்தால் பதில் சொல்வார்கள் என்று படித்திருக்கிறோம். மீன் குழம்பால் சொல்வார்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

நான்காவது பிளேட்டை அவர் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எல்லாச் செல்லும் எட்டை விட்டிருந்தது. எல்லாம் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாலைக்குள் ஒரு வித்தியாசம் தெரிந்தது. பாதிச் செல்களில் பச்சை அப்படியே இருந்தது. மற்ற பாதியில் மெல்ல மங்கி, அணைந்துபோனது.

மறுநாள் காலை வந்து பார்த்தார். மினுங்கியவை மினுங்கிக்கொண்டிருந்தன. அணைந்தவை இருட்டாக, ஒன்றும் செய்யாமல் கிடந்தன. அவற்றை அவர் அன்று வெகுநேரம் பார்த்தார். மற்றவற்றைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

மதியம் சாப்பிடும்போது சொன்னார்.

"பாதி செல்லுக்குக் கேக்கறது நின்னு போச்சுங்க. சாகப் போகுது."

"செத்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க. சும்மா கெடக்குது."

"செல்லு கிடக்குற சூப்புல என்ன போட்டிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதானுங்க. இன்டர்லூக்கின் ஏழு."

"அது செல்லுகிட்ட என்ன சொல்லும்? நாலா போன்னு சொல்லுமா, எட்டா போன்னு சொல்லுமா?"

"ஒண்ணும் சொல்லாதுங்க. உசுரோட வச்சிருக்கும், அவ்வளவுதான்."

"ம்," என்றார் மேபல். சென்னியப்பன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

சென்னியப்பன் தட்டைப் பார்த்தார். பிறகு மேபலைப் பார்த்தார். மேபல் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள்.

மறுநாள் மதியத்துக்கு மேல், இருட்டாகக் கிடந்த செல்களில் ஒன்றின் விளிம்பில் ஏதோ தெரிந்தது. சாயம் போட்டுப் பார்த்தார். எட்டு. விட்ட கையை அது மறுபடி முளைக்க வைத்துக்கொண்டிருந்தது. அடுத்ததிலும் எட்டு. அதற்கு அடுத்ததிலும். நாலு மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அவை முழுதாக எட்டாகி, மறுபடி மினுங்கத் தொடங்கின.

அவர் எழுந்து மேபலின் மேஜைக்குப் போனார்.

"மேடம், எல்லாமே எட்டைத்தான் முதல்ல விடுதுங்க. எட்டால கேட்ட செல்லும் எட்டைத்தான் விடுது."

"ஆமா."

"விட்டப்புறமும் சத்தம் கேட்டுட்டே இருந்தா, அது நாலுங்க."

"நின்னு போச்சுன்னா?"

சென்னியப்பன் திரும்பி, மஞ்சள் பை இருந்த மூலையைப் பார்த்தார். கலப்படமே இல்லாத அந்த மூன்று பிளேட்டும் எரிஉலைக்குப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தன் மூலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

*

ஆறு வாரம் முடிந்த அன்று வார்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முன்கட்டுக்குப் போனார். கொடுத்துவிட்டு உடனே வந்துவிடுவதாகத்தான் நினைத்திருந்தார்.

தங்கமணி நர்ஸ் அவரைப் பார்த்ததும், "வாங்க சார், எளைச்சுட்டீங்க," என்றார். மேற்கொண்டு பேசுவதற்குள் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது.

தர்ஷிகா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஆறு வாரம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அழவும் இல்லை. வாயை அகலத் திறந்து, விரலால் கீழ்ப்பல் வரிசையைக் காட்டினாள். நடுவில் ஒரு பல் இல்லை. அந்த இடத்தில் அரிசி நுனி அளவுக்குப் புதுப்பல் எட்டிப் பார்த்தது.

"எப்ப விழுந்துது?" என்று கேட்டார். அவளுக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, நான்கு விரலைக் காட்டினாள். நான்கு நாளா, நான்கு வாரமா என்று தெரியவில்லை.

"உள்ள போயிட்டு வர்றேனுங்க," என்றார் தங்கமணியிடம்.

அவர் போய்க் குழாயடியில் நின்று, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினார். நடுவில் எங்கேயோ தான் கழுவிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். கவனித்த பிறகும் நிறுத்தவில்லை. அன்று அவர் உள்ளே அரைமணி நேரம் இருந்தார்.

மறுநாள் விடிகாலை அவர் விழித்துக்கொண்டபோது அறை இருட்டாக இருந்தது. பல் அதன் நாளுக்குச் சரியாக விழுகிறது. அதன் நாளுக்குச் சரியாக முளைக்கிறது. அந்த உடம்பில் தைமஸ் மட்டும் ஏன் வரவில்லை? அதற்கு மட்டும் ஏன் நாள் தெரியவில்லை? எழுந்து விளக்கைப் போட்டார். மணி ஐந்து. கட்டிலில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்பதால், கொஞ்ச நேரம் அழுதார்.

*

சென்னியப்பன் எழுதிக் கொண்டுவந்த, நிர்வாகத்துக்கான கடிதத்தை மேபல் படித்தார். தனி வார்டுப் பொறுப்பை முழுநேரமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது. பேனாவைத் திறந்து, பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டிலிருந்தும் விலகுகிறேன் என்ற பழைய கடிதத்தை மேஜைக்குள்ளிருந்து எடுத்து அவரிடமே கொடுத்தார்.

"வருத்தமுங்களா மேடம்?"

"ஆமா."

சென்னியப்பன் அவ்வளவு நேரான பதிலை எதிர்பார்க்கவில்லை.

"நல்ல கை உங்களுக்கு. மூணு பிளேட்டைத் தூக்கிப் போட்டாலும் நல்ல கை. நீங்க போயிட்டா இங்க நானும் இந்த உறுமுற பெட்டியும்தான்."

"இப்படித்தான் ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியாது. இங்கயே இருப்பீங்கன்னு நெனச்சேன். முதல் ரெண்டு வாரமும் அப்படித்தான் இருந்துது."

"அப்புறம் ஏனுங்க அந்தக் கடிதத்தை அனுப்ப விடல? நான் எங்கயோ போயிருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

மேபல் பேனாவை மூடினார்.

"நின்னு போன உடனே முடிவு எழுதக் கூடாது. அது எனக்குத் தெரியும்."

சென்னியப்பன் கிளம்ப வேண்டியவர்தான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தும் ஆயிற்று. ஆனால் அவருக்கு அந்த இடத்தை விட்டு நகரத் தோன்றவில்லை. மூன்று வருடத்தில் அவர் மேபலிடம் மேபலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நீங்க எதை விட்டுப் பாத்தீங்க மேடம்?"

மேபல் சன்னல் பக்கம் பார்த்தார். சொல்ல மாட்டார் என்றுதான் அவர் நினைத்தார்.

"குளச்சல்ல ஜஸ்டின்னு ஒருத்தர். மருந்துக்கடை வச்சிருந்தார். ரெண்டு வீட்டுலயும் பேசியாச்சு. ஆறு மாசம் பேசாண்டாம், எனக்கு வேலையா கல்யாணமான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"போயி?"

"வேலை நல்லா நடந்துது. நான் செஞ்சதுலயே நல்ல வேலை அப்போ செஞ்சதுதான்."

"சத்தம் நிக்கலீங்களா?"

"நின்னுது. அதுவரைக்கும் லேப்ல புதுசா ஏதாவது தெரிஞ்சா, உடனே அவர்ட்டப் போய்ச் சொல்லணும்னு இருக்கும். அவருக்கு ஒண்ணும் புரியாது. கேட்டுட்டு இருப்பார். மூணாவது மாசம் ஒரு பெரிய விஷயம் தெரிஞ்சுது. யார்ட்டயும் சொல்லணும்னே தோணல."

"அப்புறமுங்க?"

"மனசு அமைதி ஆயிட்டுன்னு நெனச்சேன். எனக்கு வேலைதான்னு அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பக்கமிருந்தும் சத்தம் வரல."

குளிர்பதனப் பெட்டி உறுமி நின்றது.

"எத்தனை வருசமாச்சுங்க?"

"பத்தொம்பது."

"அத்தனை வருசம் எப்படீங்க மேடம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேபல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"செல்லா இருந்தா ரெண்டு நாள்ல செத்திருக்கும் டாக்டர். மனுசங்க நேரத்துக்கு வேலைக்கு வந்துட்டே இருப்பாங்க."